பேர்ல் ஜாமின் 'டென்': 1991 கலவையா, 2009 கலவையா?

சியாட்டல் நகரத்து பேர்ல் ஜாம் இசைக்குழுவின் முதல் ஸ்டூடியோ ஆல்பமான 'டென்' 1991 ஆகஸ்ட் 27 அன்று எபிக் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. ஆல்டர்நேட்டிவ் ராக் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டிய இடம் அடுத்த படியில்தான் வருகிறது. அதே பதினொரு பாடல்களை, அதே பாடகரும் அதே வாத்தியக்காரர்களும் அதே ஸ்டூடியோவில் தந்த அதே பதிவுகளிலிருந்து, 18 ஆண்டு இடைவெளியில் இரண்டு ஒலிப் பொறியாளர்கள் இரண்டு விதமாகக் கலந்திருக்கிறார்கள். இசைச் செயலிகளில் 'டென்' என்றும் 'டென் ரீடக்ஸ்' என்றும் இரண்டும் கிடைக்கின்றன. எதைக் கேட்பது, பணம் கொடுத்து வாங்குவதானால் எதை வாங்குவது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஸ்டூடியோவில் முரசுகள், பேஸ் எனும் அடிஒலிக் கித்தார், இரண்டு கித்தார்கள், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. எந்தத் தடம் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும், இடது காதில் கேட்க வேண்டுமா வலது காதிலா, குரலைச் சுற்றி எவ்வளவு ரிவெர்ப், அதாவது பெரிய மண்டபத்தில் பாடினால் கேட்பது போன்ற எதிரொலி, சேர்க்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்து அவற்றை இரண்டு தடங்களாகச் சுருக்குவதுதான் மிக்ஸிங். அப்படிச் சுருக்கி முடித்ததை எடுத்து, ஒலிமட்டத்தையும் அடி, நடு, உச்ச ஒலிகளின் சமநிலையையும் கடைசியாகச் சீர்செய்வது மாஸ்டரிங். 2009 மார்ச்சில் வந்த மறுவெளியீட்டின் முதல் சிடியில் இருப்பது பழைய கலவையின் ரீமாஸ்டர். அதில் கலவை மாறவில்லை, மேல்பூச்சு மட்டுமே மாறியிருக்கிறது. இரண்டாவது சிடியான ரீடக்ஸ்தான் தனித்தனித் தடங்களுக்கே திரும்பிப் போய்ப் புதிதாகக் கலந்தது. தமிழ்த் திரையிசையில் பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் போட்டு வருகிற ரீமிக்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரீடக்ஸில் மெட்டோ வரியோ தாளமோ மாறவில்லை.

பழைய கலவை ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதற்குக் காரணம் அந்தக் குழு உருவான வேகத்தில் இருக்கிறது. மதர் லவ் போன் என்ற சியாட்டல் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் 1990 மார்ச்சில் ஹெராயின் மிகையால் இறந்தார். அக்குழுவிலிருந்த கித்தார் கலைஞர் ஸ்டோன் கோசார்டும் பேஸ் கலைஞர் ஜெஃப் ஏமென்ட்டும், மைக் மெக்ரெடி என்ற இன்னொரு கித்தார் கலைஞரோடு சேர்ந்து வாத்திய இசையாக மட்டும் சில பாடல்களைப் பதிவு செய்தார்கள். அந்த கேசட் முரசுக் கலைஞர் ஜாக் அயர்ன்ஸ் வழியாக சான் டியாகோவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எடி வெடரின் கைக்குப் போனது. அவர் அதன்மேல் மூன்று பாடல்களுக்கு வரி எழுதிப் பாடித் திருப்பி அனுப்பினார். அவற்றில் இரண்டு, 'அலைவ்', 'ஒன்ஸ்', இந்த ஆல்பத்தில் இருக்கின்றன. 1990 அக்டோபரில் முதல் மேடை. 1991 மார்ச் இறுதியில் சியாட்டலின் லண்டன் பிரிட்ஜ் ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் ரிக் பராஷரோடு ஒலிப்பதிவு தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிட்டது. பாடகரும் மற்றவர்களும் சந்தித்து ஆறேழு மாதம்கூட ஆகாத குழு அது. முக்கி பிளேலாக் என்ற கூடைப்பந்து வீரரின் பெயரைத்தான் தொடக்கத்தில் குழுவுக்கு வைத்திருந்தார்கள். அவருடைய சட்டை எண்ணே ஆல்பத்தின் பெயராயிற்று.

ஒலிப்பதிவு முடிந்ததும் முரசுக் கலைஞர் டேவ் க்ரூசென் குடிப்பழக்கத்துக்கான சிகிச்சைக்காகக் குழுவை விட்டு விலகினார். மற்றவர்கள் ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் டார்க்கிங் அருகே ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டூடியோவுக்குப் போய், டிம் பாமர் என்ற பிரிட்டிஷ் பொறியாளரிடம் கலவையை ஒப்படைத்தார்கள். டேவிட் போவியின் டின் மெஷீன் குழுவோடு வேலை செய்தவர் அவர். எண்பதுகளின் பிரிட்டிஷ் ராக் ஒலியில் தேர்ந்தவர். அந்த ஒலியின் அடையாளம் பெரிய அரங்கு: முரசடிக்குப் பின்னால் ஒரு வால், குரலுக்குப் பின்னால் ஒரு வெளி, கித்தார்கள் ஒன்றோடொன்று கரைந்து ஒரே சுவராக நிற்பது. 'அலைவ்' பாடலின் இறுதித் தனி வாசிப்பை மெக்ரெடி அங்கேதான் செம்மையாக முடித்தார். 'ஓஷன்ஸ்' பாடலுக்குத் தாள வாத்தியம் தேவைப்பட்டது. கிராமத்துப் பண்ணை வீட்டில் இருந்த அந்த ஸ்டூடியோவுக்கு அருகில் வாத்தியம் வாடகைக்குக் கிடைக்கும் இடமில்லை. பாமர் ஒரு மிளகுப் பொடிக் குடுவையையும் ஒரு தீயணைப்பு உருளையையும் எடுத்துத் தாளத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். ஆல்பத்தின் உள்தாளிலும் அவை இசைக்கருவிகளாகவே குறிப்பிடப்பட்டுள்ளன.

ஆல்பம் உடனே விற்றுவிடவில்லை. செப்டம்பர் 24 அன்று நிர்வானா என்ற குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்து சியாட்டலின் பக்கம் உலகத்தைத் திருப்பியது. 1992-இல் இசை நிகழ்ச்சிகளும் எம்டிவி இசைத் தொலைக்காட்சியும் சேர்ந்து 'டென்'னை அமெரிக்க ஆல்பப் பட்டியலின் இரண்டாம் இடம் வரை ஏற்றின. இன்று அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே முப்பது லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் அதற்கு உண்டு. இவ்வளவு பேர் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்ட அந்த ஒலியில்தான் குழுவினருக்குத் திருப்தி இல்லை. இது அவர்களுக்கு மட்டும் வந்த மனக்குறையும் இல்லை. 'நெவர்மைண்ட்' அளவுக்கு மீறி மெருகேறிவிட்டது என்று நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபெய்னும் பின்னால் சங்கடப்பட்டார். வியர்வையும் சத்தமுமான சிறிய அரங்குகளில் வளர்ந்தவர்களுக்குத் தங்கள் இசை ஸ்டேடியத்துக்கு ஏற்றபடி பெரிதாக்கப்பட்டது போலத் தோன்றியதில் வியப்பில்லை.

அடுத்த ஆல்பமான 'வெர்ஸஸ்' 1993-இல் வந்தபோது தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ'பிரையன். அவருடைய கை வேறு. எதிரொலி மிகக் குறைவு, முரசு பக்கத்து அறையில் அடிப்பது போல நெருக்கம், இரண்டு கித்தார்களும் இரண்டு பக்கத்தில் தனித்தனியாக நின்று ஒன்றோடொன்று பேசும். 1998 வரை வந்த நான்கு ஆல்பங்களிலும் குழு அவரோடுதான் வேலை செய்தது. அந்த ஒலிக்குப் பழகிய பிறகு முதல் ஆல்பத்தைத் திரும்பிக் கேட்டவர்களுக்கு உறுத்தல் கூடியிருக்க வேண்டும். அந்த எதிரொலியைக் கொஞ்சம் எடுத்துவிட்டு மறுபடி கலக்க வேண்டும் என்று ஏமென்ட் வெளிப்படையாகவே பேசிவந்தார். 2004-இல் வந்த 'ரியர்வியூமிரர்' தொகுப்புக்காக 'ஒன்ஸ்', 'அலைவ்', 'பிளாக்' ஆகிய மூன்று பாடல்களை ஓ'பிரையன் புதிதாகக் கலந்தார். முழு ஆல்பத்தையும் தொடுவதற்கு அவரே முதலில் தயங்கினார்; இத்தனை பேர் நேசிக்கிற ஒன்றில் கை வைப்பது சரியா என்ற தயக்கம்தான். ஆனாலும் 2009 மார்ச் 24 அன்று ரீடக்ஸ் வெளிவந்தது.

இனி பாடல்களுக்கு வருவோம். ரீடக்ஸின் பலம் எங்கே என்று ஒரே பாடலில் தெரிந்துகொள்ள விரும்பினால் 'வை கோ' போதும். முரசும் பேஸும் மட்டுமாகத் தொடங்கும் பாடல் அது. பழைய கலவையில் அந்தத் தொடக்கம் கொஞ்சம் தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது போலக் கேட்கிறது. ரீடக்ஸில் ஏமென்ட்டின் விரல்கள் கம்பியைத் தொடுகிற இடம் காதுக்கு எட்டுகிறது. க்ரூசென் எவ்வளவு நிதானமான, எவ்வளவு ஆடத்தக்க முரசுக் கலைஞர் என்பது எனக்கு உறைத்தது இங்கேதான். ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பத்தோடு குழுவை விட்டுப் போனவர் என்பதால் அவருக்குப் பின் வந்தவர்களின் பெயரே அதிகம் பேசப்படுகிறது. ரீடக்ஸ் அந்தக் கணக்கைக் கொஞ்சம் நேர்செய்கிறது. 'போர்ச்' பாடலும் அப்படித்தான். பாய்ச்சலாக ஓடும் அந்தப் பாடலில் கித்தார்கள் இரண்டும் பிரிந்து நிற்கும்போது, ஒருவர் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ள மற்றவர் அதன்மேல் ஓடுவதைத் தொடர முடிகிறது. பழைய கலவையில் அது ஒரே புயல்.

'ஈவன் ஃப்ளோ' பாடலைத் திருப்தி வரும்வரை ஐம்பது தடவைக்கு மேல் வாசித்துப் பதிவு செய்ததாக மெக்ரெடி சொல்லியிருக்கிறார். வீடற்ற ஒருவரைப் பற்றிய பாடல். வெடர் சொற்களை மென்று விழுங்கிப் பாடுவதால் வரிகள் புரிவதில்லை என்ற கேலி தொடக்கத்திலிருந்தே உண்டு. குரலைச் சுற்றிய எதிரொலி விலகியதும் சொற்கள் ஓரளவு துலங்குகின்றன. வரிகளைக் காதால் பிடிக்க முயலும் நம்மைப் போன்ற, ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்களுக்கு இது சின்ன லாபமில்லை.

இவ்வளவும் ரீடக்ஸுக்கு ஆதரவாகவே இருக்கிறதே என்றால், 'ஓஷன்ஸ்' பாடலைப் போட்டுக் கேட்க வேண்டும். கடலில் அலைச்சறுக்கு விளையாடும் பழக்கமுள்ள வெடர், தூரத்தில் இருக்கும் ஒருவரை நோக்கிப் பாடுகிற சின்னப் பாடல் அது. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பழைய கலவையில் குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. முழவொலி வந்து விழுந்து பின்வாங்குகிறது, கித்தார் மினுங்கி மறைகிறது, இடையில் இருக்கும் வெளி முழுவதும் ஈரமாக இருக்கிறது. இந்தப் பாடலில் எதிரொலி அலங்காரமாக மேலே தூவப்பட்டதில்லை. பாடல் நடக்கிற இடமே அதுதான். ரீடக்ஸில் அந்த வெளி சுருங்கியதும் நான்கைந்து பேர் ஓர் அறையில் அழகாக வாசிப்பது கேட்கிறது, கடல் கேட்கவில்லை.

'பிளாக்' இந்த ஒப்பீட்டின் கடினமான இடம். நிறுவனம் எவ்வளவோ வற்புறுத்தியும் குழு இதைத் தனிப்பாடலாக, அதாவது சிங்கிளாக, வெளியிட மறுத்தது; அந்தரங்கமான பாட்டு, அதற்கு வீடியோ எடுத்து நசுக்கிவிட வேண்டாம் என்பது அவர்கள் வாதம். வானொலி நிலையங்கள் அந்த மறுப்பைப் பொருட்படுத்தாமல் பாடலை ஒலிபரப்பிப் பட்டியலில் ஏற்றிவிட்டன என்பது வேறு கதை. பாடலின் கடைசிப் பகுதியில் வரிகள் தீர்ந்துபோய், சொல்லில்லாத ஒரு முனகல் மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் மெக்ரெடியின் கித்தார் ஏறிக்கொண்டே போகிறது. ரீடக்ஸில் வெடரின் குரல் முன்னால் வந்து நிற்கிறது. தொண்டை கரகரப்பது, மூச்சு வாங்குவது வரை கேட்கிறது. நெருக்கத்தைப் பொறுத்தவரை அதற்கு இணை இல்லை. ஆனால் பழைய கலவையில் குரலும் கித்தாரும் சேர்ந்து மெல்ல விலகிப் போகும்போது, போய்விட்ட ஒருத்தியைப் பற்றிய பாட்டு தானும் போய்க்கொண்டிருக்கிறது. என் தேர்வு பழையதுதான். இதே பாடலை ரீடக்ஸில் முதலில் கேட்டவர்கள் எதிர்த் தீர்ப்பு சொல்லக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதலில் பழகிய ஒலியின் பக்கம் காது சாய்வது இயல்பு.

டெக்சாஸ் மாநிலத்தின் ரிச்சர்ட்சன் நகரில் 1991 ஜனவரியில் வகுப்பறையில் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு பள்ளி மாணவனைப் பற்றிய நாளிதழ்ச் செய்தியிலிருந்து பிறந்தது 'ஜெரமி'. ஏமென்ட்டின் பன்னிரண்டு தந்தி பேஸில் தொடங்கி, செல்லோவும் அடுக்கடுக்கான குரல்களும் சேர்ந்து முடியும் இந்தப் பாடலில் இரண்டு கலவைகளும் ஏறக்குறைய சமம் என்பேன். 'அலைவ்' பற்றி அப்படிச் சொல்ல முடியாது. தந்தை என்று நம்பி வளர்ந்தவர் மாற்றாந்தந்தை என்றும், பெற்ற தந்தை இறந்துவிட்டார் என்றும் பதின்வயதில் அறிய நேர்ந்த வெடரின் சொந்தக் காயம் அதன் முதல் பகுதியில் இருக்கிறது. அந்தக் கடைசி கித்தார் வாசிப்புக்குப் பெரிய வெளி வேண்டும். பாமர் அதைத் தருகிறார், ஓ'பிரையன் அதைக் கட்டுக்குள் வைக்கிறார். 'கார்டன்', 'ரிலீஸ்' இரண்டும் பழைய கலவைக்கே உரியவை. 'டீப்' பற்றி எந்தப் பக்கமும் வாதாட எனக்கு ஆர்வமில்லை.

ஆக, பாடல்களை எண்ணிக்கொண்டு போனால் வேகமான பாடல்களில் ரீடக்ஸும் நிதானமான பாடல்களில் பழையதும் வெல்கின்றன. ஆனால் ஆல்பத்தை முழுதாகக் கேட்கிறவருக்கு இந்தக் கூட்டல் கழித்தல் போதாது. 'ஒன்ஸ்' தொடங்குவதற்கு முன்னால் மங்கலான பேஸ் ஒலியோடு ஒரு சிறு வாத்தியப் பகுதி வருகிறது. 'ரிலீஸ்' முடிந்து அமைதியான பின் அதே பகுதி திரும்பி வந்து ஆல்பத்தை மூடுகிறது. கடைசித் தடம் ஒன்பது நிமிடம் என்று காட்டுவது அதனால்தான். ஐம்பத்து மூன்று நிமிடமும் ஒரே மூட்டத்துக்குள் நடப்பதாக வடிவமைக்கப்பட்ட வேலை இது. அந்த மூட்டத்துக்குப் பெயர்தான் பாமரின் எதிரொலி. 2009-இல் அதை விலக்கியவர் 'வெர்ஸஸ்' முதலான நான்கு ஆல்பங்களைச் செய்து முடித்தவர். குழு பின்னால் என்னவாக ஆனது என்பதை அறிந்த காதுகளோடு வந்து கலந்தவர். அதனால் ரீடக்ஸில் கேட்பது தன் ஒலி எது என்று தெரிந்துவிட்ட பேர்ல் ஜாம். பழைய கலவையில் இருப்பவர்கள் இன்னும் அதைக் கண்டுபிடிக்காதவர்கள். நண்பனை இழந்த இருவர், ஊர் விட்டு வந்த ஒரு பாடகர், தாக்குப்பிடிக்க முடியாத ஒரு முரசுக் கலைஞர், எண்பதுகளின் ராக் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு கித்தார் கலைஞர். முதல் ஆல்பம் என்ற காரணத்துக்காகவே ஒருவர் 'டென்'னைத் தேடி வருகிறார் என்றால் அவர் கேட்க வேண்டியது 1991-இல் வந்ததைத்தான்.

குழுவினரே விரும்பிச் செய்ததல்லவா ரீடக்ஸ், அதுதானே அவர்கள் மனத்திலிருந்த உண்மையான 'டென்' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்துக்கு எடை இருக்கிறது. எதிரொலி பொறியாளரின் முடிவு, மெட்டும் வரியும் குழுவினுடையவை. ஆனால் ரிட்ஜ் ஃபார்முக்குப் போனதும், அங்கே கேட்டதற்கு ஒப்புதல் தந்ததும் அவர்கள்தான். பத்தாண்டு கழித்து வந்த மனமாற்றத்தை 1991-இன் விருப்பம் என்று வைத்துக்கொள்ள முடியாது.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ராக் மறுவெளியீடுகளில் பெரும்பாலானவை ஒலிமட்டத்தைத் தூக்கி வைத்தே மாஸ்டர் செய்யப்பட்டன. 2009 'டென்'னும் பழைய சிடியைவிட உரக்கத்தான் ஒலிக்கிறது. உரக்கக் கேட்பதை மனிதக் காது தெளிவாகக் கேட்பதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே வால்யூமைத் தொடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் புதியதே மேல் என்று தோன்றும், அந்தத் தீர்ப்பில் பாதி தவறாக இருக்கும். குரலின் உரப்பு இரண்டிலும் சமமாகக் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துகொண்டு, பிறகு கேளுங்கள். இசைச் செயலியில் கேட்பதானால் அதன் அமைப்புகளில் ஒலிமட்டத்தைச் சமப்படுத்தும் வசதியை இயக்கிவிட்டால் அந்த வேலையை ஏறக்குறைய அதுவே செய்துவிடும். பாடல்களைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள் என்று சொல்லவே வேண்டியதில்லை.

எதில் கேட்கிறீர்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். நகரப் பேருந்திலோ ரயிலிலோ காதில் செருகிய சிறிய இயர்போனில் கேட்பவருக்குப் பழைய கலவையின் மென்மையான பகுதிகள் வெளிச் சத்தத்தில் கரைந்துபோகும். அங்கே ரீடக்ஸ்தான் கைகொடுக்கும். காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனில் இரண்டு கித்தார்களும் பிரிந்து நிற்கும் சுகத்தை ரீடக்ஸ் தாராளமாகத் தருகிறது. வீட்டில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்பவர், குறிப்பாக இரவில், பழையதை விட்டுப் போக மாட்டார்.

வாங்குவதானால் என் பரிந்துரை நேரடியானது: 2009-இன் லெகசி பதிப்பு, இரண்டு சிடி. ஒன்றில் பழைய கலவையின் ரீமாஸ்டர், மற்றதில் ரீடக்ஸும் ஆறு கூடுதல் பாடல்களும். தேர்வு செய்ய வேண்டிய சங்கடமே இல்லாமல் போகிறது. பழைய கலவை மட்டும் போதும் என்பவர் தொண்ணூறுகளின் சிடியைப் பழைய பொருட்கள் விற்கும் இடங்களில் தேடலாம். கோடிக்கணக்கில் அச்சான பொருள் என்பதால் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, ரீமாஸ்டரின் உரப்பும் அதில் இல்லை. வினைல் இசைத்தட்டு விரும்பிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐம்பத்து மூன்று நிமிடத்தை ஒரே தட்டில் அடக்கினால் ஒரு பக்கத்துக்கு இருபத்தாறு நிமிடத்துக்கு மேல் வருகிறது. ராக் இசைக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடமே வசதியான அளவு. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி, ஒலிமட்டத்தைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். இரண்டு கலவைகளும் இரண்டு தட்டுகளாக வந்த 2009 வினைல் பதிப்பிலும் இந்தக் கட்டுப்பாடு நீங்கவில்லை. ஒலிக்காக மட்டும் வினைலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க இந்த ஆல்பம் நல்ல காரணமாகாது. மரத்தில் ஏமென்ட் செய்து நிறுத்திய குழுப் பெயரின் முன்னால் எல்லாரும் கைகளை உயர்த்திக் கோத்து நிற்கும் அட்டைப் படத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு.

அந்த ஆறு கூடுதல் பாடல்களுக்காக ஒருவர் ரீடக்ஸ் சிடியை வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். 'பிரதர்' நல்ல பாட்டு. 2003-இல் வந்த 'லாஸ்ட் டாக்ஸ்' தொகுப்பில் வாத்திய இசையாக மட்டும் இருந்தது, இங்கே குரலோடு கிடைக்கிறது. 'ஸ்டேட் ஆஃப் லவ் அண்ட் டிரஸ்ட்' பாடலின் முந்தைய வடிவம் ஆர்வலர்களுக்குப் பயன்படும். 'ஈவில் லிட்டில் கோட்' வெறும் வேடிக்கை. இரண்டாம் தடவை கேட்பது கடினம். 'டென்' காலத்தின் உண்மையான விடுபடல்கள் வேறு. 'ஜெரமி' தனிப்பாடலின் மறுபக்கமாக வந்த 'யெல்லோ லெட்பெட்டர்' ஆல்பத்தின் எந்தப் பாடலுக்கும் குறைந்ததில்லை. அதையும், வெடர் அந்த முதல் கேசட்டின்மேல் பாடிய மூன்றாவது பாடலான 'ஃபுட்ஸ்டெப்ஸ்'ஸையும் 'லாஸ்ட் டாக்ஸ்' தொகுப்பில் தேடிக்கொள்ள வேண்டும்.

டீலக்ஸ் பதிப்பு என்று இன்னொரு படி இருக்கிறது. அதில் 1992 மார்ச் 16 அன்று நியூயார்க்கில் பதிவான, மின்கித்தார் இல்லாமல் வாசிக்கும் எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சியின் டிவிடி சேர்கிறது. அதற்கும் மேலே சூப்பர் டீலக்ஸ் பெட்டி: நான்கு வினைல் தட்டுகள், அவற்றில் 1992 செப்டம்பரில் சியாட்டல் பூங்கா ஒன்றில் நடந்த இலவசக் கச்சேரி, வெடர் பாடி அனுப்பிய கேசட்டின் நகல், அவருடைய குறிப்பேட்டை ஒத்த ஒரு கையேடு. ஏற்கெனவே இந்த ஆல்பத்தில் ஊறியவர்களுக்கான பொருள் அது. புதிதாக வருகிறவர் கண்ணெடுத்தும் பார்க்கத் தேவையில்லை.

அன்பிளக்ட் மட்டும் தனியாகக் கவனிக்கத் தக்கது. பின்னாளில் அதைத் தனி ஆல்பமாகவும் வெளியிட்டார்கள். ஒரு விதத்தில் இரண்டு கலவைகளுக்கும் இடையிலான வழக்கை அது வேறு நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகிறது. ஏழு பாடல்கள், மின்சாரமில்லாத கித்தார்கள், க்ரூசெனுக்குப் பின்னால் வந்த டேவ் அப்ரூஸீஸின் முரசு. ஆல்பம் வெளியாகி ஏழு மாதத்துக்குள், பெரும்பாலும் அதே பாடல்களை, பல மேடைகளுக்குப் பழகிய கைகளோடு, எந்தப் பெரிய மண்டபத்தையும் செயற்கையாகச் சேர்க்காமல் வாசிக்கிறார்கள். 'போர்ச்' பாடலின்போது வெடர் ஸ்டூல்மேல் ஏறி நின்று, கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவான வாசகத்தைத் தன் கையில் எழுதிக் காட்டியது இந்த நிகழ்ச்சியில்தான். எதிரொலி விலகிய 'டென்' வேண்டும் என்பவருக்கு, 2009-இல் வந்த கலவையில் விலக்கியதைவிட, 1992-இல் அவர்களே வாசித்து விலக்கியது உயிருள்ளதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, 'பிளாக்' பாடலில் குறிப்பாக.

ஆகவே புதிதாகக் கேட்கிறவர் 1991 கலவையில் தொடங்கி ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் கேட்கட்டும். எண்பதுகளின் எதிரொலியே ஒத்துவராத, இன்றைய கெட்டியான கித்தார் இசைக்குப் பழகிய காது என்றால் மட்டும் ரீடக்ஸில் தொடங்கலாம். அப்போதும் 'ஓஷன்ஸ்' ஒன்றையாவது பழைய கலவையில் கேட்டுவிட வேண்டும். பழையதில் ஊறிய பிறகு ரீடக்ஸுக்கு வருகிறவர் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் போடாமல் 'வை கோ', 'போர்ச்', 'ஈவன் ஃப்ளோ' என்ற வரிசையில், பேஸையும் முரசையும் மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் அந்தக் கலவை எதற்காகச் செய்யப்பட்டது என்பது விளங்கிவிடும்.